நாம் வாழாத வாழ்க்கையை எழுதும்போது: அனுபவ வாசகரோடு வேலை செய்ய ஒரு முழு வழிகாட்டி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் நடக்கும் ஒரு குறுநாவலை எழுதி முடித்து நான்கு நண்பர்களிடம் கொடுத்திருந்தேன். நால்வரும் நிறையப் படிப்பவர்கள், இருவர் எழுதவும் செய்கிறவர்கள். சுனாமி வந்த அன்று இரவு ஒரு தாய் தன் மகனைத் தேடிக் கரையோரம் நடக்கும் அத்தியாயம்தான் சிறந்தது என்று நால்வருமே சொன்னார்கள். கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு என்று எழுதியிருந்தேன். கரண்ட் இல்லை, நிலா இல்லை, அலைச் சத்தம் மட்டும்.

ஐந்தாவதாக அதைக் கேட்டவர் மீன் விற்கும் ஓர் அக்கா. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"அன்னைக்கு பௌர்ணமிம்மா. நிலா அப்படிக் காஞ்சுது. அந்த வெளிச்சத்துலதான் ஒவ்வொருத்தரா புரட்டிப் பார்த்தோம்."

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. பழைய நாள்காட்டியைப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். துயரம் என்றால் இருட்டு என்று என் மனம் தானாக முடிவுகட்டிவிட்டது, நான் சரிபார்க்கவில்லை. படித்த நால்வருக்கும் அதே மனம் என்பதால் அவர்களுக்கும் உறுத்தவில்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். எல்லாம் துலக்கமாகத் தெரிகிற ராத்திரியில், தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒருத்தி நடக்கிறாள். முன்பு எழுதியதைவிட அது பல மடங்கு கனமான பக்கம். அந்தக் கனம் என் கற்பனையில் பிறந்ததே இல்லை.

அந்த அக்கா செய்த வேலைக்கு ஆங்கிலப் பதிப்புலகில் ஒரு பெயர் உண்டு: சென்சிடிவிட்டி ரீடர். கதையில் வரும் ஒரு சமூகத்தையோ தொழிலையோ உடல்நிலையையோ உள்ளிருந்து அறிந்த ஒருவர், அச்சுக்குப் போகும் முன்பே படித்து, எது தவறு, எது தேய்ந்த வார்ப்பு, எது தேவையில்லாமல் குத்துகிறது என்று எழுதியவரிடம் சொல்வார். அமெரிக்காவில் சிறார், இளையோர் நூல்களை வெளியிடுகிறவர்கள் 2010களில் இதைப் பரவலாகச் செய்யத் தொடங்கினார்கள். தமிழில் நிலைத்த சொல் இன்னும் வரவில்லை. நான் 'அனுபவ வாசகர்' என்று சொல்லிவருகிறேன், இங்கேயும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

பிழை திருத்துகிறவர் வேறு, நடை பார்க்கும் எடிட்டர் வேறு. அனுபவ வாசகர் தணிக்கை செய்கிறவரும் இல்லை. அவர் சொல்வார், முடிவை நாம் எடுப்போம். அவரோடு எப்படி வேலை செய்வது என்பதை, கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் செய்து கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: பென்சிலோடு உங்கள் கதையைப் படியுங்கள்

ஒரு தாளில் எல்லாப் பாத்திரங்களின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இந்த வாழ்க்கை எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். நானே வாழ்ந்தது, பக்கத்திலிருந்து பார்த்தது, யாரோ சொல்லிக் கேட்டது, சினிமாவிலும் கதைகளிலும் பார்த்தது. இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். உண்மையாக எழுத வேண்டும், தாளை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. நான்காவது பதில் வந்த பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். மூன்றாவது பதிலுக்கும் போடலாம்.

பிறகு கோடு போட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று கேள்விகள். இவர் கதையில் எங்காவது சிரிக்கிறாரா? தன் சாதி, தன் உடல், தன் பாலினம் ஆகியவற்றோடு சம்பந்தமில்லாத ஆசை ஏதாவது இவருக்கு இருக்கிறதா? கதாநாயகன் ஒரு பாடம் கற்றுக்கொள்வதற்காக மட்டும் இவர் வந்து போகிறாரா?

எங்கள் பக்கத்துக் கதைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சில ஆட்கள் இருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கத்தும் மீனவர். ரயிலில் கைதட்டிக்கொண்டு வந்து, கடைசியில் யாரையாவது ஆசீர்வதித்துவிட்டுப் போகும் திருநங்கை. பாம்போடு மட்டுமே வரும் இருளர். எதிரில் இருப்பவர் முகத்தைத் தடவிப் பார்த்து மனதை அறியும் பார்வையற்ற பெண். இவர்கள் ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பிச்சாவரம் பக்கம் போய்ப் பார்த்தால், கழிமுகச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் காணலாம். அந்தக் கைகளைக் கதைகளில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கோடு போட்டவர்கள் அத்தனை பேருக்கும் அனுபவ வாசகர் வேண்டும் என்று இல்லை. ஒரே காட்சியில் டீ கொண்டுவந்து வைக்கும் ஆளுக்கு வேண்டாம். கதையின் பாரத்தைச் சுமக்கிறவருக்குக் கட்டாயம் வேண்டும்.

இரண்டாம் படி: நூலகம் சொல்லக்கூடியதை மனிதரிடம் கேட்காதீர்கள்

அனுபவ வாசகரின் நேரம் விலை உயர்ந்தது. தேதியையும் சட்டத்தையும் அவர் திருத்திக்கொண்டிருந்தால் மற்றதைச் சொல்ல அவருக்குத் தெம்பு இருக்காது.

என் குறுநாவலில் 2003-இல் ஒரு விசைப்படகுக்காரர் 61 நாள் மீன்பிடித் தடையைப் பற்றிப் புலம்புவார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் என்பது 2017-இல் வந்தது, அதற்கு முன் 45 நாள்தான். இதை அந்த அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், இன்றும் அதற்காக வருந்துகிறேன். பழைய செய்தித்தாளில் அரை மணி நேரம் தேடினால் கிடைத்திருக்கும்.

புதுச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1947 ஆகஸ்டில் புதுச்சேரி வீடுகளில் மூவண்ணக் கொடி ஏற்றி ஊரே விடுதலையைக் கொண்டாடியதாக எழுதப்பட்ட கதையைப் படித்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அதற்குப் பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தெரிவு செய்ய ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாட்டுக்காரர், தம்பி இன்னொரு நாட்டுக்காரர் என்று ஆனது அந்த ஆறு மாதத்தில்தான். எத்தனை நாவல்களுக்கான களம் அது! ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் இதற்கெல்லாம் நூல்கள் இருக்கின்றன. 'தானே' புயலை எழுதுவதானால், அது 2011 டிசம்பர் 30 காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது என்பதும், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன என்பதும் முதலிலேயே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரம் சாய்ந்த மறுநாள் காலையில் வீட்டில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்பதைத்தான் அந்த வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்த நேரத்தில் கொடுப்பது

இரண்டாவது அல்லது மூன்றாவது வரைவு. முதல் வரைவில் கதை நமக்கே பிடிபட்டிருக்காது. அட்டைப்படமும் தயாராகி, புத்தகக் காட்சிக்கு இருபது நாள் இருக்கும்போது கொடுத்தால், எவ்வளவு பெரிய தவறைச் சொன்னாலும் மாற்ற மனம் வராது, நேரமும் இருக்காது. பெரிய நாவலாக இருந்தால் கதைச்சுருக்கத்தை வைத்து ஒரு முறை முன்னதாகவே பேசிவிடலாம். முந்நூறு பக்கம் எழுதிய பிறகு அடித்தளமே தப்பு என்று தெரிய வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: சரியான ஆளைக் கண்டுபிடிப்பது

இதுதான் நம் ஊரில் மிகச் சிக்கலான படி, இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வெளிநாட்டில் ஓர் எழுத்தாளர், இந்தப் பின்னணி உள்ளவர் தேவை என்று வெளிப்படையாகக் கேட்டுவிடலாம். இங்கே "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியே ஒரு காயம். வாடகைக்கு வீடு பார்க்கும்போது, பள்ளிக்கூடத்தில், பெண் பார்க்கும்போது என்று அந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டு நொந்தவரிடம் போய், ஒரு கதைக்காக நாமும் அதையே கேட்கக் கூடாது. ஒருவருடைய சாதியை நாமாக ஊகித்துக்கொண்டு, "உங்க சமூகத்தைப் பத்தி எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்றீங்களா?" என்பது அதைவிட மோசம். அவர் அதை அலுவலகத்திலோ தெருவிலோ யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம்.

நான் செய்வது இதுதான். கதை எதைப் பற்றியது, எந்த மாதிரி வாசிப்பு எனக்குத் தேவை என்று நாலைந்து வரியில் எழுதி, இலக்கிய வட்டத்திலும் வேலை செய்கிற இடங்களிலும் எனக்குத் தெரிந்தவர்களிடம் கொடுத்து, பொருத்தமானவர் இருந்தால் அவரே என்னைக் கூப்பிடட்டும் என்று சொல்லிவிடுவேன். வருகிறவர் தாமாக வருகிறார், தன்னைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதையும் அவரே முடிவு செய்கிறார். நேரம் அதிகம் ஆகும். பரவாயில்லை, காத்திருக்கலாம்.

நமக்குக் கட்டுப்பட்டவர்களிடம் கேட்கவே கூடாது. நம் வீட்டில் வேலை செய்கிறவர், நம்மிடம் படிக்கும் மாணவர், அலுவலகத்தில் நமக்குக் கீழே இருப்பவர், நம்மிடம் கடன் வாங்கியவர். இவர்கள் யாரும் "இது தப்பு" என்று நம் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார்கள். "நல்லாயிருக்குங்க" என்பார்கள், நாமும் அதை நம்பிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்துவிடுவோம்.

ஒருவர் போதாது, குறைந்தது இருவர் வேண்டும். அந்த இருவரும் ஒரே வயது, ஒரே படிப்பு என்று இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்ணும், அதே தெருவில் பிறந்து இப்போது வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணும் ஒரே காட்சியை வேறு வேறாகக் கேட்பார்கள். இன்னொன்று: இலக்கியம் படிக்கிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: கேட்கும் முறையும் கொடுக்கும் பணமும்

முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு முறை அனுப்பிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம். நான் ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறேன். அதில் பார்வையற்ற ஒரு பெண் பண்ருட்டியிலிருந்து கடலூருக்குத் தினமும் பேருந்தில் கல்லூரிக்குப் போகிறார். எனக்குப் பார்வை உண்டு. நான் அறியாமல் தப்பாக எழுதியிருப்பேன் என்ற கவலையில் உங்களிடம் கேட்கிறேன். மொத்தம் 140 பக்கம், அவர் வருவது 60 பக்கம். அந்த 60 பக்கத்தை நீங்கள் படித்தால் போதும், முழுவதும் படிக்க விரும்பினால் அனுப்புகிறேன். ஒரு மாத அவகாசம் இருக்கிறது. இதற்கு இவ்வளவு தொகை தர முடியும், பாதியை முன்னதாகவே அனுப்பிவிடுவேன். 41-ஆம் பக்கத்தில் பேருந்தில் அவரிடம் ஒருவன் அத்துமீறும் காட்சி வருகிறது, அதை விட்டுவிட்டும் படிக்கலாம். நீங்கள் சொல்வதை நான் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம், ஏற்காவிட்டால் காரணம் சொல்வேன். உங்கள் பெயரை உங்கள் அனுமதி இல்லாமல் எங்கேயும் சொல்ல மாட்டேன். முடியாது என்றால் ஒரு வரி போதும், காரணம் சொல்ல வேண்டாம்."

பணத்தைப் பற்றித் தமிழ் எழுத்தாளர்கள் உடனே சொல்வது, எங்களுக்கே ஒன்றும் வருவதில்லையே என்பது. உண்மைதான். ஆனாலும் நாம் நம் விருப்பத்துக்கு எழுதுகிறோம், அவர் நமக்காக வேலை செய்கிறார். தன் வாழ்க்கையின் கசப்பான நாட்களை ஒரு முறை திரும்ப நினைத்துப் பார்க்கும் வேலை அது. மீன் விற்கும் அக்காவிடம் மூன்று மாலைகள் படித்தேன். ஒரு நாள் வியாபாரத்தில் என்ன நிற்கும் என்று கேட்டு, ஒவ்வொரு மாலைக்கும் அந்தத் தொகையைக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். "இது உங்க வேலைக்கான கூலிக்கா, தர்மமில்ல" என்றதும் வாங்கிக்கொண்டார். பணமே இல்லை என்றால் பண்டமாற்று செய்யலாம். அவருடைய பிள்ளையின் விண்ணப்பத்தை எழுதித் தருவது, அவர் எழுதும் கவிதைகளைப் பிழை பார்த்துத் தருவது. எதுவானாலும் முன்கூட்டியே இருவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி தருவதைக் கூலிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மரியாதை.

ஆறாம் படி: பிரதியை அனுப்புவது, அல்லது படித்துக் காட்டுவது

எந்த வடிவத்தில் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பார்வையற்ற வாசகருக்கு நான் முதலில் அனுப்பியது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு. அவருடைய கணினியில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் அதை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகப் படித்திருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றி அனுப்பிய பிறகுதான் தமிழாக ஒலித்தது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் அவர்களுக்குப் பயன்படாது.

படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு நாமே போய்ப் படித்துக் காட்டலாம். ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தொடங்கும் முன்பே, எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையைத் தூக்கி நிறுத்தலாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த அக்கா கையை உயர்த்தியது அப்படிப் பேசிவைத்திருந்ததால்தான். இரண்டாவது மாலையில் ஒரு முறை கையை உயர்த்தியவர் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று அதோடு நிறுத்திவிட்டு வந்தேன், என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. மறுநாள் அவரே அழைத்தார்.

பிரதியோடு கேள்விகளும் போக வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்றுதான் பதில் வரும். "இவள் மாமியாரை இப்படிக் கூப்பிடுவாளா? கடல் உள்வாங்கியதும் இவள் செய்யும் முதல் காரியம் இதுவாக இருக்குமா? இந்தப் பக்கத்தில் எந்த வார்த்தை உங்களை வெளியாளாக உணரவைக்கிறது? நான் எழுதாமல் விட்டது என்ன?" இப்படிக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு எப்போதும் மிகப் பெரிய பதில்கள் வந்திருக்கின்றன. என் கதையில் சுனாமிக்குப் பிறகு அந்தப் பெண் கடல் பக்கமே திரும்ப மாட்டாள். "அப்ப சோறு யார் போட்டா?" என்று கேட்டார் அக்கா. கூடையைத் தூக்கிக்கொண்டு எத்தனையாவது நாள் போனார், மீனை வாங்க ஆள் வந்ததா, பிணம் தின்ற மீன் என்று ஊர் பேசியதை எப்படிக் காதில் வாங்கிக்கொண்டு நின்றார் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதாமல் விட்டதுதான் கதை என்று புரிந்தது.

ஏழாம் படி: கேட்கும்போது வாயை மூடிக்கொள்வது

"நான் அந்த அர்த்தத்துல எழுதல" என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். அச்சான பிறகு ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் உட்கார்ந்து நாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, பக்கத்தில் இருப்பது மட்டும்தான் அவர்களுக்குப் போகும். எழுதிக்கொள்ளுங்கள், புரியாவிட்டால் "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேளுங்கள், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்துக் குறிப்புகளைத் திரும்பப் படியுங்கள். முதல் நாள் அவமானமாகத் தெரிந்தது மூன்றாம் நாள் பயனுள்ள குறிப்பாகத் தெரியும். எனக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

எட்டாம் படி: குறிப்புகளைப் பிரிப்பது

மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்வேன்.

முதலாவது தகவல். நிலா, தடை நாட்கள், காற்றின் பெயர். வாடைக் காற்று என்று எழுத வேண்டிய மாதத்தில் கச்சான் என்று எழுதியிருந்தால் மறு பேச்சில்லாமல் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது சொல். இதில் யார் வாயில் அந்தச் சொல் வருகிறது என்பது முக்கியம். என் ஒரு சிறுகதையில் கதை சொல்லும் குரல், தலித் மக்கள் வாழும் பகுதியைக் குறிக்க 'காலனி' என்ற சொல்லைச் சாதாரணமாகப் பயன்படுத்தியிருந்தது. எனக்கு அது ஒரு முகவரி, அவ்வளவுதான். படித்த தோழர் சொன்னார்: "பஸ்ல கண்டக்டர் ஊர் ஸ்டாப், காலனி ஸ்டாப்னு கத்துவாரு. எங்க ஸ்டாப்ல எறங்குறப்ப யார் யார் திரும்பிப் பார்க்கிறாங்கன்னு எனக்கு முதுகுல தெரியும்." 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக அரசே சட்டமன்றத்தில் அறிவித்தது. அதே கதையில் வில்லன் பேசும் ஒரு சாதி வசவும் இருந்தது. அதை எடுத்துவிடவா என்று கேட்டேன். "அவன் வாயிலேருந்து எடுக்காதீங்க, அவன் அப்படித்தான் பேசுவான். கதை சொல்றவர் வாயிலேருந்து எடுங்க" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு அளவுகோலை வைத்தே என் பழைய கதைகள் முழுவதையும் திரும்பப் படித்தேன்.

மூன்றாவது குவியல் பார்வை, கடினமானது இதுதான். தகவலும் சரி, சொல்லும் சரி, ஆனாலும் கதை ஒருவரை மேலிருந்து பார்க்கிறது. கூவாகத்தை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் தாலி அறுக்கும் காலையைத்தான் எழுதுகிறார்கள், வெள்ளைப் புடவையும் ஒப்பாரியும். நானும் அதையே எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு திருநங்கை, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வருஷத்துல மிச்ச நாள் நான் என்ன பண்றேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டார். ஒரு வரியை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. கதையை வேறு நாளில் தொடங்க வேண்டும். ஆறு மாதம் கிடப்பில் போட்டுவிட்டு, பண்ருட்டி பேருந்து நிலையத்தில் நடக்கும் வேறொரு கதையாக அதை எழுதினேன்.

இருவர் இரண்டு விதமாகச் சொன்னால்

சொல்லத்தான் செய்வார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை 'சொல்தா' என்பார்கள். இந்தோசீனாவுக்குப் போய்வந்த ஒரு சொல்தா தாத்தாவை நான் எழுதியபோது, அவர் பேரப்பிள்ளைகளிடம் பிரெஞ்சிலேயே பேசுவதாக வைத்திருந்தேன். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்த அம்மா ஒருவர், தன் தந்தை வீட்டில் பிரெஞ்சு பேசியதே இல்லை என்றார். பென்ஷன் கடிதம் வந்தால், பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்த பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுவாராம். 'சொல்தா வீடு' என்று தெருவில் சொல்லும்போது அதில் எப்போதும் ஒரு பொறாமை ஒலிக்கும், அதனால் அந்தச் சொல் தனக்குப் பிடிக்காது என்றும் சொன்னார். இன்னொரு குடும்பத்து இளைஞரோ, "நாங்க பெருமையா சொல்லிக்கிற வார்த்தைங்க அது. ஜூலை 14-ஆம் தேதி போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல் குத்திக்கிட்டுப் போவாரு எங்க தாத்தா" என்றார்.

இதில் யார் சொல்வது சரி என்று தேடினால் கிடைக்காது. இரண்டையும் கதைக்குள் கொண்டுவந்தேன். பேரன் அந்தச் சொல்லைப் பெருமையாகச் சொல்கிறான், அவன் அத்தை முகம் சுளிக்கிறாள். எழுதியதிலேயே உயிருள்ள காட்சியாக அது அமைந்தது. கருத்து மாறுபாடு வரும்போது இதை முதலில் முயன்று பாருங்கள். இருவரும் ஒரே இடத்தில் விரல் வைத்தால் மட்டும், காரணம் எதுவாக இருந்தாலும், அந்த இடத்தைத் திரும்ப எழுதுங்கள்.

எதை மாற்றக் கூடாது, எதற்குப் பயப்பட வேண்டாம்

இப்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எழுத்து மழுங்கிப் போகாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கவலை. 2023 பிப்ரவரியில் ரோல்டு டாலின் சிறார் நூல்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் சொற்கள் மாற்றப்பட்ட செய்தி வந்தது. அவர் இறந்தது 1990-இல். எதிர்ப்புக்குப் பிறகு, பழைய வடிவத்தையும் தொடர்ந்து அச்சிடுவோம் என்று பதிப்பகம் அறிவித்தது. சம்மதம் கேட்க ஆசிரியர் உயிரோடு இல்லாத நிலையில் அவருடைய சொல்லை மாற்றுவதை நானும் ஏற்கவில்லை. நம் நாட்டில் 2015 ஜனவரியில் பெருமாள்முருகனுக்கு நடந்தது இன்னும் கொடியது. வெளியாகிச் சில ஆண்டுகள் ஆன நாவலுக்காகக் கூட்டம் கூடி நெருக்கியதில், எழுதுவதையே விட்டுவிடுவதாக அவர் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகுதான் திரும்ப எழுத வந்தார்.

இந்த இரண்டையும் அனுபவ வாசகரோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை. அவர் நாம் அழைத்து வந்தவர். ஒரு திண்ணையில், இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் பேச்சு அது. அவர் கையில் பேனா இல்லை, மிரட்டல் இல்லை. கொடியவனை நல்லவனாக்கு என்று எந்த அனுபவ வாசகரும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை. மீனவர் குடிப்பதாக எழுதாதே என்று அக்கா சொல்லவில்லை. "குடிக்கிறாரு சரி, எதுக்கு எல்லா அத்தியாயத்துலயும் குடிக்கிறாரு?" என்றுதான் கேட்டார். குறிப்பை ஏற்க முடியாத இடமும் வரும். ஊர்ப் பஞ்சாயத்தார் நிவாரணப் பொருளில் பாகுபாடு காட்டிய காட்சியை எடுத்துவிடும்படி வங்கியில் வேலை பார்க்கும் பெண் கேட்டார், ஊர் மானம் போகும் என்பது அவர் காரணம். கதைக்கு அது தேவை என்பதால் வைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

அச்சான பிறகு

நன்றிப் பக்கத்தில் பெயர் போடுவதற்கு முன் திரும்ப ஒரு முறை அனுமதி கேளுங்கள். முதலில் சரி என்றவர் இப்போது வேண்டாம் என்று சொல்லலாம். விமர்சனம் வந்தால் "அந்தச் சமூகத்து ஆளே படிச்சுட்டு சரின்னு சொல்லிட்டாங்க" என்று அவரை முன்னால் நிறுத்தாதீர்கள். அட்டையில் இருப்பது நம் பெயர், பதில் சொல்ல வேண்டியவரும் நாம்தான். அவர் ஊருக்குள் அவருக்கு வரும் சங்கடத்துக்கு நாம் துணைக்குப் போய் நிற்க முடியாது.

பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அக்காவிடம் கொடுத்தபோது பௌர்ணமி அத்தியாயத்தை மட்டும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் காலை போன் வந்தது. மகள் முழுவதையும் படித்துக் காட்டி முடித்துவிட்டாளாம். 87-ஆம் பக்கத்தில் அந்தப் பெண் கூடையை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு வலது கையாலேயே காசு வாங்குகிறாள், அது எப்படி முடியும் என்று கேட்டார். என் பிரதியை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் 'இடது' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டாம் பதிப்புக்காக.